அதிக எச்பி வண்டிக்கு எக்ஸாஸ்ட் பைப் அளவு: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

இன்ஜினுக்குக் கையில் இருப்பதை எல்லாம் கொட்டிவிட்டு, மிச்சமிருக்கும் பணத்தில் எக்ஸாஸ்டை முடித்துக்கொள்வதுதான் பொதுவாக நடப்பது. அப்புறம் வண்டி உயர் ஆர்பிஎம்மில் (இன்ஜின் மிக வேகமாகச் சுழலும்போது) மூச்சுவாங்கும், நெடுஞ்சாலையில் காதைக் குடையும், வேகத்தடையில் உரசும். "இன்னும் பெரிய பைப் போடு" என்று ஒருவர் சொல்வார். "பேக் பிரஷர் போய்விட்டது, சின்னதாகப் போடு" என்று இன்னொருவர் சொல்வார். (பேக் பிரஷர் என்பது வெளியேறும் புகையை எதிர்த்து நிற்கும் அழுத்தம்.) இரண்டு பேரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். பைப்பின் வெளிவிட்டத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். புகை போகும் வழியில் மிகக் குறுகலான இடம் எது, அங்கே அழுத்தம் எவ்வளவு என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1998 முதல் 2002 வரை வந்த ஷெவர்லே கமாரோ இசட்28. கூடவே அதன் உடன்பிறப்பான போன்டியாக் ஃபயர்பேர்ட். 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 இன்ஜின், தொழிற்சாலைக் கணக்கில் 305 முதல் 325 எச்பி (குதிரைத்திறன்) வரை. குறைந்த செலவில் நிறைய சக்தி வேண்டும் என்று தேடும் அமெரிக்கர்கள் பல வருடங்களாக வாங்கிவரும் வண்டி இது. இதில் இரண்டு பக்க மேனிஃபோல்டுகளிலிருந்தும் (சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் குழாய்த்தொகுதிகள்) வரும் புகை, நச்சைக் குறைக்கும் தனித்தனி கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (சுருக்கமாக கேட்) வழியாக வந்து, வண்டிக்கு அடியில் ஒய் வடிவக் குழாயில் ஒன்றுசேரும். அங்கிருந்து சுமார் 2.75 அங்குல ஒற்றைக் குழாய் பின் ஆக்ஸிலுக்கு மேலே ஏறி இறங்கி, பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் சைலன்சருக்குள் நுழையும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை (கேம்) மாற்றி, மேனிஃபோல்டுக்குப் பதில் சிலிண்டருக்கு ஒரு நீளக் குழாயாக வந்து கலெக்டர் என்ற இடத்தில் சேரும் லாங் டியூப் ஹெடர் போட்டு, இன்ஜின் கம்ப்யூட்டரை அதற்கேற்ப டியூனிங் செய்தால் சக்கரத்திலேயே 400 எச்பி எடுக்கலாம். ஆனால் பின்னால் இருப்பது அதே பழைய ஒற்றைக் குழாய்தான்.

முதலில் ஒரு கணக்கு

பட்டறைகளில் வெகுகாலமாகப் புழங்கும் கணக்கு இது. ஒரு எச்பிக்குச் சுமார் 2.2 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி) எக்ஸாஸ்ட் ஓட்டம் வேண்டும். நேரான குழாய் ஒரு சதுர அங்குல உள்பரப்புக்குச் சுமார் 115 சிஎஃப்எம் விடும். குழாய்த் தகடு 0.065 அங்குலம், அதாவது 16 கேஜ் என்று வைத்தால் 2.5 அங்குலக் குழாயின் உள்விட்டம் 2.37தான். அது சுமார் 230 எச்பிக்குப் போதும். 3 அங்குலம் 340 எச்பி வரை, 3.5 அங்குலம் 465 வரை, 4 அங்குலம் 615 வரை தாங்கும். இரட்டைக் குழாய் என்றால் அப்படியே இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்த எண்கள் எல்லாம் இன்ஜின் கிராங்க்கில், அதாவது இன்ஜினின் சுழல்தண்டில், இருக்கும் எச்பிக்கு. சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் சக்கரத்தில் 400 வந்தால், கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் 15 சதவீதம் தின்றதாக வைத்து, கிராங்க்கில் 470 என்று எடுங்கள். நம் கமாரோவுக்கு ஒய் குழாய்க்குப் பிறகு 3.5 அங்குல ஒற்றைக் குழாய், அல்லது இடம் இருந்தால் இரண்டு 2.5 அங்குலக் குழாய்கள். பரப்பில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்த வரம்பைத் தாண்டினால் வண்டி நின்றுவிடாது. 3 அங்குல ஒற்றைக் குழாயிலும் 450 எச்பி எடுக்க முடியும். நஷ்டம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் எல்லையாக மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: 5,000 ஆர்பிஎம் வரை நன்றாக இழுக்கிறது, அதற்குமேல் எழவில்லை

அடைப்பின் அசல் அடையாளம் இதுதான். ஆனால் பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தாலும், வால்வ் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் வண்டி இப்படித்தான் நடந்துகொள்ளும். அதனால் குழாயை அறுப்பதற்கு முன் அளந்துவிடுங்கள்.

அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆக்ஸிஜன் சென்சார் மாட்டும் 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச் த்ரெட் உள்ள நட்டுகள் தனியாகவே கிடைக்கும். மூன்று வாங்குங்கள். ஹெடர் கலெக்டருக்குப் பின்னால் ஒன்று, ஒய் சேரும் இடம் தாண்டி ஒன்று, சைலன்சருக்குச் சற்று முன்னால் ஒன்று என்று குழாயில் ஓட்டை போட்டு வெல்டு வைத்துவிடுங்கள். அளக்காத நேரத்தில் மூடித் திருகிவைக்க பிளக் உண்டு. இருக்கிற சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையிலேயே அளக்கலாம்தான். ஆனால் கம்ப்யூட்டர் குழம்பிப் பெட்ரோல் அளவை மாற்றும், அளவும் சந்தேகத்துக்கு இடமாகும். மூன்று நட்டுக்கு ஆகும் காசு பெரிய காசில்லை.

நட்டில் ஒரு அடாப்டர், அதிலிருந்து முக்கால் மீட்டர் செப்புக் குழாய், அதன் முனையில் ரப்பர் ஹோஸ், ஹோஸின் கடைசியில் 0 முதல் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரை காட்டும் அழுத்த மீட்டர். செப்புக் குழாயைச் சுருக்கிவிடாதீர்கள். சூடு அந்த நீளத்தில்தான் இறங்கும், நீளம் போதாவிட்டால் ரப்பர் உருகும். ஹோஸை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து கண்ணாடியை ஏற்றும்போது நசுங்காமல் பாருங்கள். பக்கத்து சீட்டில் ஒருவர் மீட்டரைப் பார்க்கட்டும், ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்கட்டும். டைனோவிலோ டிராக்கிலோ செய்தால் இன்னும் நல்லது.

நின்ற நிலையில் 2,500 ஆர்பிஎம்மில் கலெக்டரில் 1.5 பிஎஸ்ஐக்குக் கீழே இருக்க வேண்டும். 3 பிஎஸ்ஐயைத் தொட்டால் கேட் உருகி அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இருபது வருடத்துக்கு மேல் ஆன கமாரோவில் இது சகஜம். எப்போதோ ஒரு பிளக் வயர் விட்டுப்போய் எரியாத பெட்ரோல் உள்ளே போயிருக்கும், உள்ளிருக்கும் தேன்கூடு உருகியிருக்கும். ரப்பர் சுத்தியலால் கேட்டைத் தட்டிப் பாருங்கள், கலகலவென்று சத்தம் வந்தால் வேறு சாட்சி தேவையில்லை. இப்படி இருக்கும்போது நாலு அங்குலக் குழாய் போட்டாலும் பயன் இல்லை. கேட்டை மாற்றுங்கள், எடுத்துவிடாதீர்கள். சாலையில் ஓடும் வண்டியில் கேட்டைக் கழற்றுவது அமெரிக்காவின் தூய்மைக் காற்றுச் சட்டப்படி குற்றம். 3 அங்குல ஹை ஃப்ளோ கேட் போட்டால் நஷ்டம் சொற்பம்தான்.

அடுத்து முழு ஆக்சிலரேட்டரில், ஆர்பிஎம் உச்சத்துக்குப் போகும்போது அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத இன்ஜினில் 2 பிஎஸ்ஐக்குள் இருந்தால் எக்ஸாஸ்டைத் தொடாதீர்கள், பணத்தை வேறு எதற்காவது வையுங்கள். 4 பிஎஸ்ஐயைத் தாண்டினால் சக்தி போய்க்கொண்டிருக்கிறது. மூன்று நட்டு வைத்ததன் பலன் இங்கேதான் கிடைக்கும். கலெக்டரில் 5, ஒய் தாண்டி 4.5, சைலன்சருக்கு முன் 3.5 என்று வந்தால், மொத்த அழுத்தத்தில் பெரும்பங்கு சைலன்சரில் இருக்கிறது. குழாய் முழுவதையும் மாற்ற நினைத்தவருக்கு ஒரு சைலன்சரோடு வேலை முடிந்துவிடும். மாறாக, ஒய் தாண்டியதும் சட்டென்று இறங்கினால் குற்றவாளி ஒய் சேரும் இடம்.

இன்னொரு உபயோகமும் உண்டு. அழுத்தம் ஓட்டத்தின் இருமடியாக ஏறும். இப்போது 350 எச்பியில் 2 பிஎஸ்ஐ இருந்தால், அதே குழாயில் 470 எச்பிக்குப் போகும்போது சுமார் 3.6 பிஎஸ்ஐ ஆகும். கேம் வாங்குவதற்கு முன்பே இப்போதைய குழாய் போதுமா என்று சொல்லிவிடலாம். விட்டம் மாறினால் கணக்கு இன்னும் வேகமாக மாறும். 2.5 அங்குலத்திலிருந்து 3 அங்குலத்துக்குப் போனால் அதே ஓட்டத்துக்கு அழுத்தம் பாதிக்கும் கீழே போய்விடும். 3லிருந்து 3.5க்குப் போனால் ஏறத்தாழப் பாதி.

மீட்டர் மாட்ட வசதி இல்லையா? டிராக்கில் கால் மைல் ஓட்டும்போது கடைசியில் வரும் வேகத்தைப் பாருங்கள். நேரத்தைப் பார்க்காதீர்கள், அது கிளம்பும்போது டயர் வழுக்குவதைப் பொறுத்து மாறும். கடைசி வேகம் சக்தியைச் சொல்லும். ஓட்டுநரோடு சேர்த்து 3,500 பவுண்டு எடையுள்ள வண்டி மணிக்கு 110 மைல் வேகத்தில் முடித்தால் சுமார் 364 எச்பி, 112 மைல் என்றால் 384. ஒய்க்கு முன்னால் ஒரு கட்அவுட் (புகையைப் பின்குழாய்க்குப் போகாமல் வெளியே விடும் திறப்பு) வைத்து, ஒரே இரவில் மூடி ஒரு ஓட்டம், திறந்து ஒரு ஓட்டம் ஓடிப் பாருங்கள். வேகம் மாறவே இல்லை என்றால் உங்கள் குழாய் இன்ஜினைப் பிடித்து நிறுத்தவில்லை. இரண்டு மைல் ஏறினால் பின்னால் 20 எச்பி சிக்கிக் கிடக்கிறது.

அறிகுறி: 3 அங்குலக் குழாய் போட்டாகிவிட்டது, ஆனாலும் அழுத்தம் குறையவில்லை

இது பட்ஜெட் வேலைக்கே உரிய நோய். தெருமுனை சைலன்சர் கடைகள் பலவற்றில் இருக்கும் இயந்திரம் குழாயை அமுக்கி வளைக்கும். வளைவின் உள்பக்கம் சுருங்கிச் சப்பையாகும். 3 அங்குலம் என்று காசு கொடுத்திருப்பீர்கள், ஆனால் ஆக்ஸிலுக்கு மேல் வளைகிற இடத்தில் புகைக்குக் கிடைப்பது 2.5 அங்குலக் குழாயின் வழியாக இருக்கலாம். வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய், ஒவ்வொரு வளைவிலும் மிக ஒடுங்கிய பக்கத்தை அளந்து பாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே நுழைய வேண்டாம், ஸ்டாண்ட் வைத்த பிறகுதான். மாண்ட்ரல் வளைவு என்றால் உள்ளே உருளையை விட்டு வளைப்பார்கள், விட்டம் கடைசி வரை ஒரே அளவில் இருக்கும். கடையில் முழு செட் வாங்கப் பணம் இல்லாவிட்டால் 45 டிகிரி, 90 டிகிரி, யு வடிவ மாண்ட்ரல் துண்டுகளைத் தனியாக வாங்கி, வெட்டி, வெல்டு செய்து சேர்த்துக்கொள்ளலாம். நேராகப் போகும் இடங்களுக்குச் சாதாரணக் குழாயே போதும். வளைவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

அப்புறம் சைலன்சர். வாயில் 3 அங்குலம் என்று முத்திரை இருக்கும், உள்ளே ஓட்டைகள் போட்ட குழாய் 2.5ஆக இருக்கும். வாங்குமுன் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் நேர்வழிச் சைலன்சர். ஓரங்கள் உள்வாங்கித் தெரிந்தால் உள்குழாய் சின்னது. வெளிச்சமே தெரியாவிட்டால் உள்ளே தடுப்பறைகள் இருக்கின்றன, சத்தம் அழகாக இருக்கலாம், ஓட்டம் குறையும். சில மலிவான கண்ணாடி இழைச் சைலன்சர்களில் உள்குழாயின் ஓட்டைகள் தகட்டை உள்பக்கமாகக் கிள்ளி எழுப்பியவையாக இருக்கும். விரலை விட்டுத் தடவினால் துருவிபோலக் கையில் குத்தும். அதைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது அளவிலும் ஒரு குழப்பம் வரும். குழாய்க்கு வெளிவிட்டம் சொல்வார்கள், சைலன்சர் வாய்க்கு உள்விட்டம் சொல்வார்கள், ஒன்றுக்குள் ஒன்று நுழைய வேண்டுமே. இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு ஒரு அடாப்டரைச் செருகினால் அதுவே புதிய குறுகல் ஆகிவிடும்.

பணம் குறைவாக இருந்தால் எங்கே பெரிதாகப் போடுவது

முன்னால்தான். ஹெடர் கலெக்டரிலிருந்து வரும் புகை 700 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம், பின் பம்பரை நெருங்கும்போது 300ஆக இறங்கியிருக்கும். அதே அளவு புகை இப்போது முன்பிருந்த கனஅளவில் 60 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதனால் முன்பாதி 3.5 அங்குலம், ஆக்ஸிலுக்குப் பிறகு 3 அங்குலம் என்று போட்டால் நஷ்டம் மிகக் குறைவு. பின்னால் 4 அங்குல பளபளக்கும் முனை, நடுவில் 2.75 அங்குல ஒய் என்று ஓடும் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். அந்தப் பளபளப்புக்குக் கொடுத்த பணத்தில் ஒரு நல்ல ஒய் வந்திருக்கும். ஒய் வாங்கும்போது இரண்டு குழாய்களும் கூர்மையான சிறு கோணத்தில் சேர்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று நேராகவும் மற்றொன்று பக்கவாட்டில் முட்டுவதுபோலவும் சேர்ந்தால் அங்கேயே அழுத்தம் கட்டும்.

உலோகத்துக்கு அலுமினியம் பூசிய எஃகு போதும். மிச்சிகன், ஒஹாயோ மாதிரி பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் ஊர் என்றால் 409 ஸ்டெயின்லெஸ், வசதி இருந்தால் 304. மலிவாகக் கிடைக்கிறது என்று துத்தநாகம் பூசிய வேலிக் குழாயை வெல்டு செய்ய வேண்டாம், அந்தப் புகை உடம்பைப் படுத்திவிடும்.

அறிகுறி: பெரிய பைப் போட்ட பிறகு கீழ் ஆர்பிஎம்மில் பிக்கப் போய்விட்டது

"இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்" என்ற நம்பிக்கை இங்கேதான் பிறக்கிறது. எந்த இன்ஜினுக்கும் பேக் பிரஷர் தேவையில்லை. தேவைப்படுவது புகையின் வேகம், அதுவும் ஹெடரின் தனிக் குழாய்களில். ஒரு சிலிண்டரின் புகை பாய்ந்து வெளியேறும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது. இரண்டு வால்வும் சற்று நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும் தருணத்தில் அந்தக் குறைந்த அழுத்தம் மிச்சப் புகையை இழுத்து, புதுக் காற்றையும் உள்ளே வரவைக்கிறது. இது தனிக் குழாய்களிலும் கலெக்டரிலும் நடக்கும் வேலை. ஒய் தாண்டி எட்டுச் சிலிண்டரின் துடிப்புகளும் கலந்த பிறகு, குழாய்க்கு வழிவிடுவதைத் தவிரப் பெரிய வேலை இல்லை. பின்குழாய் பெரிதானதால் மட்டும் கீழ் இழுவை போகாது.

அப்படியானால் பிக்கப் எங்கே போனது? முதலில், போனதுதானா என்று பாருங்கள். சத்தம் மாறினால் உணர்வும் மாறும். 1996க்குப் பிறகு அமெரிக்காவில் விற்ற கார்கள் எல்லாவற்றிலும் இன்ஜின் கம்ப்யூட்டரின் எண்களை ஸ்கேனரில் படிக்க உதவும் ஓபிடி2 இணைப்பு இருக்கிறது. ஒரே கியரில், ஒரே சமதளச் சாலையில், 2,000 ஆர்பிஎம்மிலிருந்து 4,000 வரை போக எத்தனை விநாடி என்று பைப் மாற்றுவதற்கு முன்பும் பின்பும் பதிவெடுங்கள். எண் ஒன்றாக இருந்தால் பிரச்சினை காதில் இருக்கிறது.

எண் உண்மையிலேயே கூடியிருந்தால் ஹெடரைப் பாருங்கள். 5.7 லிட்டர் எல்எஸ்1க்கு, சாலையில் ஓட்டும் வண்டிக்கு, 1.75 அங்குலத் தனிக்குழாய் தாராளம். பிற்காலத்தில் பெரிய இன்ஜின் போடலாம் என்று 1.875 வாங்கியிருந்தால் கீழே கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். கேமும் அதே சமயத்தில் மாற்றியிருந்தால் பழியைக் குழாய்மேல் போட வேண்டாம், பெரிய கேம் கீழ் இழுவையை எடுத்து மேலே கொடுக்கும், அதன் இயல்பே அது. டியூனிங்கும் புதுக் குழாய்க்கு ஏற்றபடி திருத்தப்படவில்லை என்றால் கலவை தவறும். ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) 10 சதவீதத்துக்கு மேல் கூட்டல் பக்கம் போயிருந்தால், டியூனரிடம் போவதற்கு முன் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

அறிகுறி: குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் சத்தம், செக் இன்ஜின் விளக்கு

குளிரில் கேட்டு, சூடானதும் குறையும் டிக் சத்தம் பெரும்பாலும் ஹெடர் கேஸ்கெட் ஒழுகல். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது. எல்எஸ் குடும்பத்து இன்ஜின்களில் மேனிஃபோல்டின் கடைசி போல்ட் உடைவது பழைய கதை, முதலில் அதைப் பாருங்கள்.

ஒழுகல் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால் விளைவு சத்தத்தோடு நிற்காது. புகைத் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அதைப் பார்த்து பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும், கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். பி0171, பி0174 என்ற பிழைக் குறியீடுகள் (பெட்ரோல் குறைவான கலவை என்று அர்த்தம்) வரும்.

கண்டுபிடிக்க, காற்றை வெளியே ஊதும் பக்கம் ஹோஸ் மாட்டிய வாக்குவம் கிளீனரை வால் குழாயில் செருகி, சுற்றிலும் துணி அடைத்து ஓடவிடுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் அடித்துக்கொண்டே முன்னால் போங்கள். ஒழுகும் இடத்தில் நுரை பொங்கும். நுரை கேஸ்கெட் ஓரத்தில் வந்தால் புதுக் கேஸ்கெட் போடுமுன் ஹெடர் ஃபிளாஞ்ச் வளைந்திருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். மலிவு ஹெடர்களில் தகடு மெலிசாக இருக்கும், வெல்டு சூட்டிலேயே வளைந்துவிடும். அட்டைக் கேஸ்கெட்டை விட்டுவிட்டுப் பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட் போடுங்கள். யு போல்ட் கிளாம்ப் குழாயை நசுக்கும், பேண்ட் கிளாம்ப் நசுக்காது.

பி0420, பி0430 குறியீடுகள் வேறு விஷயம், கேட் சரியாக வேலை செய்யவில்லை என்று அவை சொல்லும். லாங் டியூப் ஹெடர் போட்டதும் கேட் பின்னால் தள்ளிப்போகிறது, சூடாக நேரமாகிறது. கேட் நல்ல நிலையில் இருந்தும் வந்தால் முன்னால் தள்ளி வைக்க வழி உண்டா என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள், ஹெடருக்கு, காற்று மாசைக் கவனிக்கும் மாநில அமைப்பான கார்ப் தரும் ஈஓ என்ற அனுமதி எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஸ்மாக் என்னும் புகைச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

அறிகுறி: நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதை அடைக்கும் ரீங்காரம்

பைப் பெரிதானால் இது வரும் வாய்ப்பு அதிகம். சின்னக் குழாய்க்குத் திரும்ப வேண்டியதில்லை, எந்த அதிர்வெண் என்று கண்டுபிடித்து அதை மட்டும் அடக்கலாம்.

வி8 இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுக்கு நான்கு முறை சிலிண்டர் எரியும். ஆர்பிஎம்மை 60ஆல் வகுத்து 4ஆல் பெருக்கினால் அதிர்வெண். நம் கமாரோ, 275/40 17 டயர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் 0.70 ஓவர்டிரைவ், பின் ஆக்ஸிலில் 3.23 கியர் விகிதம். மணிக்கு 110 கிலோமீட்டரில் இன்ஜின் சுமார் 2,020 ஆர்பிஎம்மில் சுழலும். 135 ஹெர்ட்ஸ். அதே வண்டி 3.42 கியரோடு ஆறு கியர் மேனுவலில், கடைசி கியர் 0.50 என்பதால், சுமார் 1,530 ஆர்பிஎம்மில் போகும், 102 ஹெர்ட்ஸ். ஒரே பைப், ஒரே சைலன்சர், ஒருவருக்குத் தலைவலி, இன்னொருவருக்கு ஒன்றுமில்லை. இதனால்தான் இன்னொருவர் சொன்ன சைலன்சரை அப்படியே வாங்கி ஏமாறுகிறோம்.

அடக்க, பின்குழாயிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளைக் குழாய் எடுத்து அதன் மறுமுனையை மூடிவிட வேண்டும். ஒலி உள்ளே போய் முட்டித் திரும்பும்போது எதிர் அலையாக வந்து அந்த அதிர்வெண்ணைக் கொல்லும். நீளம், ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுத்தது. அந்தக் கிளைக்குள் வாயு 150 டிகிரி இருந்தால் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 410 மீட்டர். 135 ஹெர்ட்ஸுக்கு 76 சென்டிமீட்டர், 102க்கு ஒரு மீட்டர். உள்ளே உண்மையான சூடு உங்கள் வண்டியில் வேறாக இருக்கும். அதனால் கணக்கில் வந்ததைவிட நீளமாக வெட்டி, முனையில் முன்பின் நகரும் மூடியைக் கிளாம்பில் பிடித்து, ஓட்டிப் பார்த்து, ரீங்காரம் அடங்கும் இடத்தில் வெல்டு செய்யுங்கள். கிளையின் விட்டம் முதன்மைக் குழாயின் விட்டமே இருக்கட்டும். குழாயும் மூடியும் வெல்டும்தான் செலவு, வேலையோ விலை உயர்ந்த சைலன்சரைவிடத் துல்லியம்.

இரட்டைக் குழாய் போட்டவர்கள் இரண்டையும் இணைக்கும் எச் அல்லது எக்ஸ் குழாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த வகை வி8இல் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களும் சமமான இடைவெளியில் எரிவதில்லை, இணைப்பு இல்லாமல் விட்டால் அந்த ஒழுங்கின்மை அப்படியே வெளியே கேட்கும். மொத்தச் சத்தமே அதிகம் என்றால் சைலன்சருக்கு முன்னால் ஒரு நேர்வழி ரெசனேட்டர் (சத்தத்தை அடக்கும் கூடுதல் சின்னச் சைலன்சர்) போடுங்கள். கலிஃபோர்னியாவில் சாதாரணக் கார்களுக்கு வரம்பு 95 டெசிபல்.

அறிகுறி: டர்போ வண்டியில் பூஸ்ட் தானாக ஏறுகிறது

டர்போவில் புகையால் சுழலும் டர்பைனுக்குப் பின்னால் இருக்கும் குழாய்க்கு வேகம், துடிப்பு என்று எந்தக் கவலையும் இல்லை, எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. 3 அங்குலம் 500 எச்பியை ஒட்டி வரை தாக்குப்பிடிக்கும், அதற்குமேல் 3.5 அல்லது 4. ஆனால் வழி திறந்ததும் டர்பைன் சுலபமாகச் சுழலும், உள்ளேயே இருக்கும் சின்ன வேஸ்ட்கேட்டால் உபரிப் புகையை வெளியே விட முடியாமல் மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்) ஏறிக்கொண்டே போகும். இதற்குக் குழாயைச் சுருக்காதீர்கள். வேஸ்ட்கேட் ஓட்டையைப் பெரிதாக்குங்கள், அல்லது வெளியே தனி வேஸ்ட்கேட் வையுங்கள். சரியாகும்வரை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்க வேண்டாம்.

அறிகுறி: வேகத்தடையில் உரசல், பள்ளத்தில் தடார் சத்தம்

3.5 அங்குலம் தாழ்ந்த வண்டிக்குக் கஷ்டம்தான். கமாரோவில் ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்தும் பாகங்களான, பின் ஆக்ஸிலுக்கு மேல் பான்ஹார்ட் கம்பியும், கியர்பாக்ஸ் பக்கத்தில் டார்க் ஆர்மும் குழாயோடு இடத்துக்குச் சண்டைபோடும். வண்டியை லிஃப்டில் தூக்கி ஆக்ஸில் தொங்கும் நிலையில் இடைவெளி பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நாலு சக்கரமும் எடை தாங்கி நிற்கும்போது பாருங்கள், அதற்குமேல் ஆக்ஸில் எழும்பும் தூரத்தையும் விட்டுவைக்க வேண்டும். மிகத் தாழ்வான இடத்தில் மட்டும் ஓவல் குழாய் போட்டால் பரப்பு குறையாமல் உயரம் குறையும்.

அறிகுறி: வண்டிக்குள் புகை வாடை, ஓட்டிய பிறகு தலைவலி

இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சரிசெய்யுங்கள். செலவைக் குறைக்க ஆக்ஸிலுக்கு முன்னாலேயே குழாயை முடித்துத் தரையைப் பார்த்துத் திருப்பிவிடுகிறார்கள். வண்டி நிற்கும்போது புகை அடியில் தேங்கி, தரையிலிருக்கும் ஓட்டைகள் வழியாகவும் பின்கதவு ரப்பர் வழியாகவும் உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, நீங்கள் முகர்வது கூட வரும் மற்றவற்றை. வாடை வராததால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு, சில வண்டிகளில் திறந்த ஜன்னல்தான் பின்னாலிருந்து புகையை உள்ளே இழுக்கும். குழாயைப் பம்பர் தாண்டிக் கொண்டுபோங்கள், 2.5 அங்குலமாக இருந்தாலும் பரவாயில்லை. தரையில் பழைய ரப்பர் மூடிகள் விழுந்த ஓட்டைகளை அடைத்து, பின்கதவு ரப்பரை மாற்றுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்றை சீட் பக்கத்தில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு நின்ற இடத்தில் பத்து நிமிடம், அப்புறம் நெடுஞ்சாலையில் ஒரு சுற்று என்று பாருங்கள். இரண்டிலும் பூஜ்யம் காட்டும்வரை அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.